குழந்தைக்கு மலச்சிக்கலா? அறிகுறிகளைக் கண்டுகொள்ள உதவும் கேள்விகளும் பதில்களும்

எத்தனை நாள் மலம் கழிக்காவிட்டால் அது மலச்சிக்கல்?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நாளுக்கு மூன்று முறை போகும் குழந்தையும் உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும் குழந்தையும் உண்டு. மலம் மென்மையாக, வலியில்லாமல் வெளியேறுகிறது என்றால் இரண்டுமே இயல்புதான். பிறந்த புதிதில் நாளுக்குப் பல முறை போகும் குழந்தை, 4 வயதை நெருங்கும்போது பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை என்ற அளவுக்கு வந்துவிடும்.

குழந்தை மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றுவது ரோம் அளவுகோல். அதன் நான்காம் பதிப்பு 2016இல் வெளிவந்தது. அது பார்க்கச் சொல்லும் அறிகுறிகள் இவை: வாரத்துக்கு 2 முறையோ அதற்கும் குறைவாகவோ மலம் கழித்தல், மலத்தை அடக்கி வைத்தல், கெட்டியாகவோ வலியோடோ போதல், கழிப்பறையை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பருமனான மலம், கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு முறையாவது உள்ளாடையில் மலம் கசிதல், மலக்குடலில் பெரிய மலக்கட்டி இருப்பதை மருத்துவர் கண்டறிதல். இவற்றில் ஏதேனும் இரண்டு ஒரு மாதமாவது நீடித்தால் மலச்சிக்கல் என்று கொள்கிறார்கள். இந்த ஆறில் ஒன்றே ஒன்றுதான் எண்ணிக்கையைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். மற்றவற்றைப் பார்க்கத் தவறுவதால்தான் பல வீடுகளில் சிக்கல் மாதக்கணக்கில் வளர்கிறது.

ஒரு மாதம் என்பது மருத்துவர்களின் வரையறைக்கான காலம். குழந்தை வலியில் அழும்போது அதுவரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.

என் குழந்தை முகம் சிவக்க முக்குகிறாள், ஆனாலும் மலம் வரவில்லை. முயற்சி செய்தும் முடியவில்லை என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. மலச்சிக்கலில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது.

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றுவிடுகிறாள். சோபாவின் பின்னாலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ போய் ஒதுங்குகிறாள். கால்களைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நிற்கிறாள். முதுகு விறைக்கிறது, பின்புறம் இறுகுகிறது. மேசை விளிம்பைப் பிடித்தபடி ஒரே இடத்தை வெறிக்கிறாள். முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது. பார்ப்பவருக்கு அவள் முக்குவதாகத்தான் தோன்றும். உண்மையில் அவள் தன் முழுப் பலத்தையும் சேர்த்து மலத்தை உள்ளே அடக்குகிறாள்.

மலம் கழிக்க நினைக்கும் குழந்தை குந்துவாள், முழங்காலை மடக்குவாள், முன்னால் குனிவாள். அடக்கும் குழந்தை நிமிர்ந்து விறைப்பாள், கால்களை ஒட்டிக்கொள்வாள். இந்த ஒரு வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

எதற்காக அடக்குகிறாள்? ஒரு முறை கெட்டியான மலம் போனபோது வலித்திருக்கும். அந்த வலி இன்னொரு முறை வேண்டாம் என்று நினைக்கிறாள். சில நிமிடங்கள் அடக்கினால் உந்துதல் தணிந்துவிடுகிறது. ஆனால் மலம் அங்கேயே தங்குகிறது. பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் காய்ந்து இறுகுகிறது, அடுத்த முறை முன்பைவிட அதிகமாக வலிக்கிறது. பயம் உறுதிப்படுகிறது. இந்தச் சுழற்சி தொடங்க ஒரே ஒரு வலி போதும்.

‘இன்னும் கொஞ்சம் முக்கு, வந்துவிடும்’ என்று அந்த நேரத்தில் ஊக்கப்படுத்துவதில் பயனில்லை. அவளைப் பொறுத்தவரை வரக்கூடாது என்பதுதான் அவளுடைய பாடு.

மலத்தின் தோற்றத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பிரிஸ்டல் மல அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட அதில் மலத்தை 7 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை, தனித்தனியான கெட்டி உருண்டைகள். இரண்டாம் வகை, உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்த முண்டும் முடிச்சுமான கட்டி. இந்த இரண்டும் மலச்சிக்கலைக் காட்டுபவை. மூன்றும் நான்கும் வழுவழுப்பாக, எளிதில் வெளியேறும் வகைகள். அதற்கு மேல் போகப் போக இளகி, ஏழாம் வகை முழுக்க நீராக இருக்கும்.

பருமனையும் பாருங்கள். இத்தனை சிறிய உடலில் இருந்து இவ்வளவு பெரிதா என்று திகைக்கவைக்கும் அளவில் மலம் வந்தால், அது பல நாள் உள்ளே சேர்ந்திருந்தது என்று பொருள்.

மகன் தினமும் போகிறான். அப்படியும் மலச்சிக்கல் இருக்குமா?

இருக்கும். தினமும் இரண்டு மூன்று சிறு உருண்டைகளை மட்டும் வெளியேற்றிவிட்டு மீதியை உள்ளேயே வைத்திருக்கும் குழந்தைகள் பலர். தினமும் போகிறான் என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். எவ்வளவு போகிறது, எப்படிப் போகிறது, போன பிறகு வயிறு இலேசாகிறதா என்று பாருங்கள்.

கழிப்பறைப் பழக்கம் நன்றாக வந்த குழந்தை. இப்போது உள்ளாடையில் கறை படுகிறது, சில சமயம் நீராகவும் போகிறது. இது வயிற்றுப்போக்கா, குறும்பா?

இரண்டும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். நாள்பட்ட மலச்சிக்கலின் முக்கியமான அடையாளம் இது. பெற்றோருக்கு நம்புவது கடினமாக இருக்கும் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

மலக்குடலில் பெரிய, கெட்டியான மலக்கட்டி தங்கிவிடுகிறது. அதற்கு மேலே புதிதாக வரும் மலம் இளகலாகவே இருக்கிறது. வாய்க்காலில் பாறை கிடந்தால் நீர் அதன் ஓரமாக வழிந்து ஓடுவதைப் போல, இந்த இளகிய மலம் கட்டியின் ஓரமாக வழிந்து வெளியே கசிகிறது. உள்ளாடையில் களிமண்ணைத் தடவியது போன்ற கறை, நாளுக்குப் பல முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவு, சில சமயம் நாற்றமடிக்கும் பழுப்பு நீர் என்று இது தெரியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் அடைப்பு மோசமாகும்.

இந்தக் கசிவு குழந்தைக்குத் தெரிவதே இல்லை. மலக்குடல் வாரக்கணக்கில் விரிந்தே இருந்ததால் அதன் சுவர் உணர்வு மழுங்கிவிடுகிறது. ‘வரும்போது சொல்ல மாட்டாயா?’ என்று கேட்டால் அவன் விழிப்பது நடிப்பு அல்ல. அருகில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்தும்போதும், பழகிப்போனதால் அந்த வாடை அவனுக்குத் தெரியாமல் போகலாம். சில குழந்தைகள் கறைபட்ட உள்ளாடையைக் கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் மூலையிலோ ஒளித்து வைப்பார்கள். அதைக் கண்டெடுத்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். அவன் வெட்கத்தில் செய்த காரியம் அது. உடலில் நடப்பது என்னவென்று எளிய சொற்களில் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அவன்மேல் தவறில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஐந்து நாளாகப் போகவில்லை. பயப்பட வேண்டுமா?

குழந்தைக்கு ஆறு வாரம் கடந்திருந்து, நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, வயிறு மென்மையாக இருந்து, கடைசியில் போகும்போது மலம் இளகலாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் சிலர் ஒரு வாரம்கூட மலம் கழிக்காமல் இருப்பதுண்டு. ஆனால் பிறந்த முதல் சில வாரங்களில் இந்த விதி பொருந்தாது. அந்த நாட்களில் மலம் குறைவது, பால் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே காட்டி எடையைப் பார்ப்பது நல்லது.

கைக்குழந்தை முக்கி, முனகி, அழுது, கடைசியில் மென்மையான மலமே போகிறது. இது என்ன?

இது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை முக்குவதையும் ஆசனவாய்த் தசையைத் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்வதற்குக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கு மேலும் அழுது முக்கலாம். 9 மாதத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், மருந்து தேவையில்லை. ஆசனவாயைத் தூண்டிவிட்டுப் போகவைக்கும் பழக்கமும் வேண்டாம். குழந்தை தானாகக் கற்றுக்கொள்வதை அது தள்ளிப்போடும்.

மலத்தில் இரத்தம் தெரிந்தால்?

கெட்டியான மலத்தின் மேற்பரப்பிலோ துடைக்கும்போதோ பளிச்சென்ற சிவப்பில் ஒரு கோடு, ஓரிரு துளி என்று தெரிந்தால், பெரும்பாலும் ஆசனவாயின் ஓரத்தில் ஏற்பட்ட சிறு வெடிப்பே காரணம். மலம் இளகினால் வெடிப்பும் ஆறும். இரத்தம் அதிகமாக இருந்தாலும், மலத்தோடு கலந்து வந்தாலும், கருநிறமாக வந்தாலும், மலம் மென்மையாக இருந்தும் இரத்தம் வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசனவாயைச் சுற்றித் தோல் செக்கச்செவேலென்று இருந்தால் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அந்த எரிச்சலே குழந்தையை அடக்கவைக்கும், தனியே மருந்து தேவைப்படும்.

மலத்தோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் அறிகுறிகள் உண்டா?

உண்டு. அவற்றுக்குத் தனித்தனியாக வைத்தியம் பார்த்துக் காலம் போவதும் உண்டு.

தொப்புளைச் சுற்றி வந்து வந்து போகும் வயிற்று வலி, குறிப்பாகச் சாப்பிட்ட பிறகு. சில நாட்களாகப் பசி மந்தமாகி, பெரிதாக மலம் போன அன்று மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுவது. காரணமில்லாத எரிச்சல், சிடுசிடுப்பு. போய்விட்டு வந்ததும் வேறு குழந்தையாக மாறிவிடுவது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தால் மலச்சிக்கலை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று சிறுநீர். மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது நிறைந்து வீங்கினால் சிறுநீர்ப்பையை அழுத்தும். அடிக்கடி சிறுநீர் போக ஓடுவது, பகலில் சொட்டுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவது ஆகியவற்றின் பின்னால் மலச்சிக்கல் ஒளிந்திருக்கலாம். படுக்கை நனைக்கும் குழந்தையைப் பற்றிப் பேச மருத்துவரிடம் போகும்போது, மலம் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லுங்கள்.

எந்த வயதில் அதிகம் கவனிக்க வேண்டும்?

மூன்று கட்டங்கள். திட உணவு தொடங்கும்போது, கழிப்பறைப் பழக்கம் கற்றுத்தரும்போது, பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமலும் குடிக்காமலும் இருந்த நாட்கள், பயணம், வீடு மாறுவது, வீட்டில் புதிய குழந்தை பிறப்பது ஆகியவையும் தூண்டலாம். மூன்று கட்டங்களில் கழிப்பறைப் பழக்கம் கற்றுத்தரும் கட்டம்தான் மிகவும் நுட்பமானது என்பது என் எண்ணம். குழந்தை தயாராகும் முன்பே அவசரப்படுத்தினால் கழிப்பறை ஒரு சண்டைக்களமாகிவிடும். டயப்பர் இருந்தால் மட்டும் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் குழந்தைக்கு டயப்பரைக் கொடுங்கள். மலம் வலியின்றிப் போவது முதலில் முக்கியம், எங்கே போகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி செல்லும் குழந்தை தனியாகவே கழிப்பறைக்குப் போகிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

5 வயதுக்குப் பிறகு பல பெற்றோருக்குத் தங்கள் குழந்தையின் மலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போய்விடுகிறது. ‘போனாயா?’ என்றால் ‘போனேன்’ என்ற பதில்தான் வரும். அது நேற்றைக்கா, மூன்று நாள் முன்பா என்பது குழந்தைக்கே நினைவிருக்காது.

இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேடு வைத்துப் பாருங்கள். தேதி, போனதா இல்லையா, உருண்டையா வழுவழுப்பா, வலித்ததா, உள்ளாடையில் கறை இருந்ததா. இதை விசாரணையாக்காமல், ஃப்ளஷ் செய்வதற்கு முன் கூப்பிடச் சொல்லி ஒரு பார்வை பார்த்தால் போதும். பள்ளிக் கழிப்பறை பற்றியும் கேளுங்கள். கதவு தாழிடவில்லை, நாற்றம், மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், வகுப்பு நேரத்தில் ஆசிரியர் அனுமதிப்பதில்லை என்று ஏதாவது ஒன்றுக்காகக் குழந்தை நாள் முழுதும் அடக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். கழிப்பறைக்குப் போகக் குழந்தை கெஞ்சி நிற்கும் நிலை எந்த வகுப்பிலும் இருக்கக் கூடாது.

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல் கூடுதலாக வருகிறது. வலியைச் சொல்ல முடியாத குழந்தை திடீரென்று தூக்கம் கெட்டு, சாப்பிட மறுத்து, தன்னையே அடித்துக்கொண்டால் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

10 குழந்தைகளில் 9 பேருக்கு மேல் மலச்சிக்கலுக்குப் பின்னால் வேறு நோய் எதுவும் இருப்பதில்லை. அந்த மீதிச் சிலரைத் தவறவிடாமல் இருக்கத்தான் இந்தப் பட்டியல்.

- பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருநிற முதல் மலம் போகவில்லை, அல்லது மலச்சிக்கல் முதல் மாதத்திலேயே தொடங்கியது.
- பச்சை நிறத்தில் வாந்தி. இதற்கு இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.
- வயிறு உப்பி இறுகியிருப்பது, கூடவே காய்ச்சல்.
- நாடா போல மெல்லியதாக மலம் போவது.
- எடை கூடாமை, வளர்ச்சி தடைபடுவது.
- கால்களில் பலவீனம், நடையில் மாற்றம், கீழ் முதுகில் குழி அல்லது முடிக்கற்றை.
- ஆசனவாய் வழக்கமான இடத்தில் இல்லாததுபோல் தோன்றுவது.

முதல் மலம் தாமதமாவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோயின் முக்கியத் தடயம் அது. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறப்பதால் மலம் நகர முடிவதில்லை. சுமார் 5,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது, அறுவை சிகிச்சையால் சரிசெய்யப்படுகிறது. மலச்சிக்கலுக்காகப் பெரிய குழந்தையைக் காட்டும்போதும், முதல் மலம் எப்போது போனது என்று மருத்துவர் கேட்பார். பிறந்தபோது தந்த மருத்துவமனைக் குறிப்புகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுப்பாரா?

பெரும்பாலும் தேவைப்படாது. நீங்கள் சொல்லும் விவரமும், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், ஆசனவாயையும் முதுகையும் கால்களையும் பார்ப்பதுமே போதும். அபாய அறிகுறி இருந்தாலோ சிகிச்சைக்குப் பலன் இல்லாவிட்டாலோ மட்டும் மேற்கொண்டு போவார்கள். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாததும் சில குழந்தைகளுக்குக் காரணமாகலாம். ஆனால் பாலை நிறுத்திப் பார்ப்பதை மருத்துவர் சொன்ன பிறகே, அவர் சொல்லும் காலத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

வீட்டிலேயே இனிமா கொடுக்கலாமா? சோப்புத் துண்டு வைக்கலாமா?

மருத்துவர் சொல்லாமல் எதையும் ஆசனவாயில் நுழைக்காதீர்கள். சோப்பு உட்சுவரை எரித்துப் புண்ணாக்கும். பெரியவர்களுக்கான இனிமா சிறு குழந்தையின் உடல் உப்புகளின் அளவை ஆபத்தான அளவுக்கு மாற்றிவிடக்கூடும். ஒரு வயதுக்குள் தேன் ஊட்டுவதும் கூடாது. இவற்றையெல்லாம் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது: அந்த இடத்தில் வலிக்கும் என்ற பயத்தால்தான் குழந்தை அடக்குகிறது. பிடித்து அமுக்கி அங்கேயே எதையாவது செருகினால் பயம் இரட்டிப்பாகும்.

நார்ச்சத்தும் தண்ணீரும் அதிகமாகக் கொடுத்தால் போதாதா?

இலேசான, புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கலுக்குப் பழம், காய்கறி, முழுதானியம், பருப்பு, தாகத்துக்கேற்ற தண்ணீர், ஓடி விளையாட நேரம் ஆகியவை உதவும். நாளெல்லாம் பாலைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குழந்தைக்குப் பாலின் அளவைக் குறைத்தாலே மாற்றம் தெரியலாம். ஆனால் மலக்கட்டி தங்கிவிட்ட பிறகு உணவு மட்டும் அதை வெளியேற்றாது. அந்த நிலையில் மேலும் மேலும் நார்ச்சத்தைத் திணித்தால் உப்புசமும் வலியும்தான் கூடும். முதலில் அடைப்பை நீக்க மருந்து வேண்டும்.

மருந்து கொடுத்தால் பழக்கமாகிவிடாதா?

இந்தப் பயத்தால் பாதியில் நிறுத்துவதுதான் சிக்கல் திரும்பி வர முக்கியக் காரணம். வழக்கமாகத் தரப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளும் லாக்டுலோஸ் பாகும் மலத்துக்குள் நீரைத் தக்கவைத்து அதை இளக்குகின்றன. குடலைச் சோம்பேறியாக்குவதில்லை. முதல் சில நாட்கள் கூடுதல் அளவில் கொடுத்து அடைப்பை நீக்குவார்கள், அப்போது கசிவு அதிகமாவது போலத் தோன்றும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். பிறகு குறைந்தது 2 மாதமாவது தொடர வேண்டும். அறிகுறிகள் எல்லாம் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, உணர்வு திரும்பவும், குழந்தையின் மனதில் இருந்து அந்த வலி மறையவும் அவ்வளவு காலம் பிடிக்கும். பலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கழிப்பறையில் எப்படி உட்காரவைப்பது?

சாப்பிட்ட பிறகு பெருங்குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில், தினமும் ஐந்து பத்து நிமிடம் போதும். கழிப்பறை இருக்கையில் கால்கள் தொங்கக் கூடாது. உறுதியான ஒரு முக்காலியின் மேல் பாதங்களை வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள். போகவில்லை என்பதற்காக முகம் சுளிக்காதீர்கள், இன்னும் பத்து நிமிடம் என்று பிடித்து வைக்கவும் வேண்டாம்.

குணமான மலச்சிக்கல் மீண்டும் வருகிறது என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது?

வழுவழுப்பாக இருந்த மலம் உருண்டையாகத் தொடங்குவது, கழிப்பறை நேரம் நீள்வது, உள்ளாடையில் ஒரு சிறு கறை, மூலையில் போய் நுனிக்காலில் நிற்கும் பழைய பழக்கம். இவற்றில் ஒன்று தென்பட்டாலே போதும். பெரிய கட்டியாகும் வரை விடாமல், அன்றே மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்திலும், காய்ச்சலில் இருந்து எழுந்த வாரத்திலும் குறிப்பேட்டை மறுபடி எடுத்து வையுங்கள்.